பிற எனில் குறிப்பிடுக

கணினி அறிவியல் நிரம்பிவிட்டது.
வணிகவியலும்.
கிருஷ்ணகிரி மலைப்பாறை சூட்டை இறக்காத மத்தியானம்,
மூன்றாம் கலந்தாய்வின் கடைசி மேசைக்கு
வந்து சேர்ந்தார்கள்.
"சோசியாலஜின்னா சோஷியல்தானேங்க மேடம்,
பத்தாவதுல எண்பத்தி மூணு எனக்கு"
என்றான் சூளகிரி அனுமந்தன்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.
நாற்பது பேராவது சேர்ந்தால்தான்
எனக்கு அடுத்த வருஷம் வகுப்பு.

முதல் பருவம், சமூகவியல் அறிமுகம்.
குடும்பம் என்பது ஒரே கூரையின் கீழ் வசித்து
ஒரே அடுப்பில் உண்போர்.
எழுதிக்கொண்டார்கள்.
ஸ்கேல் வைத்து அடிக்கோடும் இட்டார்கள்.

ஐந்தாம் பருவம், தொழிற்சமூகவியல்.
உழைப்பிலிருந்து அந்நியமாதலை நடத்தும்போது
முதல் பெஞ்சில் அனுமந்தன் தூங்குகிறான்.
ஓசூரில் இரவு ஷிப்ட்.
கம்பெனி பஸ் ஆறரைக்கு இறக்கிவிட்டால்
இன்னொரு பஸ் பிடித்து, முகம் கழுவாமல்,
ஒன்பதுக்கு வருகைப்பதிவு.
எழுப்பவில்லை.
எழுப்பி என்ன உதாரணம் சொல்வது.

ஆய்வு முறையியல் தாளுக்கு
ஆளுக்கு இருபது வினாப்படிவம்.
வேப்பனப்பள்ளி தாண்டி, செல்போன்
தன்னை ஆந்திராவென்று நினைத்துக்கொள்ளும் ஓர் ஊர்.

"தாய்மொழிங்க?"
"வீட்ல தெலுங்கு, சந்தைல கன்னடம்,
ரேஷன் கடையில தமிழ்.
சண்டைன்னா மூணும்."
கட்டம் ஒன்றுதான் இருந்தது.

திம்மக்கா நின்றபடியே பதில் சொன்னாள்,
மாங்கூழ் ஆலை வேன் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு.
"குடும்பத்துல மொத்தம் எத்தனை பேருங்க?"
"இன்னிக்கா?"
"பொதுவா."
"பொதுவான்னா எப்டி?
வீட்டுக்காரரு பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை,
ஷெட்டுலயே பொங்கித் தின்னுக்கறாரு.
பெரியவ திருப்பூர்ல, மில் ஹாஸ்டலு.
சின்னவன் இஸ்கூலுக்காக குப்பத்துல, எங்கக்கா வீட்ல.
ஆளு நாலு. அடுப்பும் நாலு.
ஒண்ணா உக்காந்து தின்னது
போன மாரியம்மன் பண்டிகைக்கு."

நாகவேணி டிக் அடிக்காமல் நின்றாள்.
அ. தனிக்குடும்பம்
ஆ. கூட்டுக்குடும்பம்
இ. பிற எனில் குறிப்பிடுக
குறிப்பிட விட்டிருந்த கோடு இரண்டு விரலகலம்.
அந்தக் கோட்டைப் போட்டவள் நான்.

"சரி, நீ எவ்ளோ வாங்கற?"
திம்மக்கா என் பக்கம் திரும்பினாள்.
கௌரவ விரிவுரையாளர், என்றேன்.
"கௌரவம் சரி. காசு?"
பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கையில் பொய் வரவில்லை.
"ஏப்ரல்லேர்ந்து வரலை."
"எங்களுக்கு சனிக்கிழமைன்னா சனிக்கிழமை."
வேனில் ஒரு கால் வைத்தபின்
"ஆளு எடுக்கறாங்க, வர்றியா?"
எல்லோரும் சிரித்தார்கள்,
அனுமந்தனும் அவளும் தவிர.

ராத்திரி கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன்.
மென்பொருளுக்கு எண்தான் வேண்டும், எழுத்து ஆகாது.
தனி ஒன்று. கூட்டு இரண்டு. பிற ஒன்பது.
நாகவேணியின் படிவத்தில் பதில்
கோட்டைத் தாண்டி ஓரத்தில் ஏறி
தாளின் பின்பக்கம் இறங்கி
பேனா தீர்ந்து பென்சிலில் முடிந்திருந்தது:
"எங்க வீட்டையும் இப்படித்தான் எழுதணுமா மேடம்?"

அவளுடைய இருபதில் பதினான்கு, பிற.
ஒன்பது. ஒன்பது. ஒன்பது.
விசை ஒருமுறை சிக்கிக்கொண்டு
தானாகவே நாலைந்து ஒன்பதைக் கொட்டியது.
அழித்தேன்.
எது அவர்களுடையது, எது விசையுடையது என்று
பார்த்துப் பார்த்து அழித்தேன்.

மறுநாள் முதல் பருவத்துக்கு வகுப்பு.
புதிதாக முப்பத்தெட்டே பேர்.
குடும்பம் என்பது, எனக் கரும்பலகையில் எழுதி
ஒரே கூரையின் கீழ் வரை வந்து
சாக்பீஸ் நின்றது.

"முற்றுப்புள்ளி வெச்சுடலாமா மேடம்?"
பதினொன்றே கால் பர்கூர் பஸ்ஸுக்கு
நோட்டை மூடும் அவசரத்தில் ஒரு பையன்.
"வைக்காத. கொஞ்சம் எடம் விட்டு வை."

"எவ்ளோ மேடம்?"